உதட்டுப் புண்ணா? முதலில் எந்த இடத்தில் என்று பாருங்கள்

[காட்சி: நுவரெலியா, ஜனவரி அதிகாலை. புல்லில் வெள்ளைப் பனி. ஸ்வெட்டர் போட்ட சிறுவன் ஒருவன் ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்கிறான்.]

வணக்கம். இந்தத் தம்பியைக் கொஞ்சம் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் மூன்று தடவை உதட்டை நக்கிவிட்டான். வாயைச் சுற்றி மீசை வரைந்த மாதிரி சிவப்பு வட்டம் தெரிகிறதா? பனி வெடிப்பு என்று வீட்டில் சொல்வார்கள். தொடங்கி வைத்தது பனிதான், வளர்ப்பது எச்சில். அது காயும்போது உதட்டின் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போகும். அதிலுள்ள சமிபாட்டு நொதியங்கள் மெல்லிய தோலை எரிக்கும். எரிந்தால் மறுபடி நக்குவான். இதற்கு வாசனையில்லாத வாஸ்லின் போதும். நாளைக்கு ஐந்தாறு தடவை, படுக்கும் முன் கொஞ்சம் தடிப்பாக. சிவப்பு அடங்காவிட்டால் டொக்டர் 1 சதவீத ஹைட்ரோகோர்ட்டிசோன் கிறீமைச் சில நாட்களுக்குத் தருவார். தேன் மட்டும் வேண்டாம், இன்னும் நக்குவான்!

[காட்சி: கடைவாய், மிகக் கிட்டத்தில்.]

அப்புறம் கடைவாய்ப் புண். எங்கள் பெரியம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். இரண்டு கடைவாயிலும் வெடிப்பு, கொட்டாவி விட்டால் இரத்தம். மாதக்கணக்கில் ஊதா மருந்து பூசிக்கொண்டு திரிந்தார். டவுன் பார்மசி ஒன்றில் பலமான ஸ்டீரொய்ட் டியூப் கொடுத்தார்கள். இரண்டு நாள் சுகம், மூன்றாவது வாரம் முன்பைவிட மோசம். அங்கே குடியிருந்தது கன்டிடா என்ற பங்கசு. ஸ்டீரொய்டை மட்டும் பூசினால் அதற்குக் கொண்டாட்டம்.

டொக்டர் முதலில் கேட்டது பல்செட்டைத்தான். தேய்ந்துபோன செட். வாயை மூடினால் கடைவாயில் மடிப்பு விழும், மடிப்பில் எச்சில் தேங்கும். புது செட், இரவில் அதைக் கழற்றி வைப்பது, பங்கசைக் கொல்லும் க்ளோட்ரிமசோல் கிறீம் காலை மாலை. இரத்தத்தில் இரும்புச்சத்தும் குறைவு. பி2 விட்டமின் குறைந்தாலும், சீனி வியாதி இருந்தாலும் இதே வெடிப்பு வரும். சரி, இரும்பு மாத்திரையை அவர் எதில் விழுங்கினார் தெரியுமா? சூடான பிளேன்டீயில்! தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேர விடாது. தண்ணீரிலோ தேசிக்காய்ச் சாற்றிலோ விழுங்கி, தேத்தண்ணியை ஒரு மணித்தியாலமாவது தள்ளிப் போடுங்கள்.

உதடு முழுக்க அரிப்பும் செதிலும் என்றால், புதிதாக வாங்கியதைச் சந்தேகியுங்கள்: லிப்ஸ்டிக், லிப்பாம், கறுவா வாசனைப் பற்பசை. நிறுத்திப் பாருங்கள். ஓர் ஓரத்தில் சுரீரென்று எரிந்து கொத்தாகக் கொப்புளம் வந்தால் அது ஹெர்பிஸ் வைரஸ். அதற்கான அசைக்ளோவிர் மருந்தை, எரிச்சல் தொடங்கும்போதே ஆரம்பித்தால்தான் பலன். உதடு திடீரென்று வீங்கி மூச்சுத் திணறினால் வீடியோவை விடுங்கள், 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

[காட்சி: நண்பகல், மலைச்சரிவு. நெற்றியில் கூடைக் கயிறு.]

இனி, வலிக்காத ஒன்று. எனக்கு அதுதான் பயம். மேலுதட்டுக்கு மூக்கின் நிழலாவது உண்டு, கீழுதடு வானத்தைப் பார்த்தபடியே இருக்கிறது. நுவரெலியா 1868 மீட்டர் உயரம். 1000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். குளிரில் வெயில் உறைக்காது, மூடுபனியும் முழுதாகத் தடுக்காது. வருடக்கணக்கில் பட்டால் கீழுதடு வெளிறி, பூனை நாக்கு மாதிரிச் சொரசொரத்து, உதடும் தோலும் சேரும் கோடு மங்கிப்போகும். இது புற்றுநோய்க்கு முந்திய நிலை. வாஸ்லினால் ஆறாது. டொக்டர் துளி சதையெடுத்துச் சோதிப்பார். தேவைப்பட்டால் உறைய வைத்து அகற்றுவார், அல்லது கெட்டுப்போன கலங்களை அழிக்கும் ஃப்ளுரோயுராசில் கிறீம் தருவார். அந்தக் கிறீமில் உதடு முதலில் புண்ணாகித்தான் ஆறும். பயந்து பாதியில் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மலைக்குப் போகும்போது வெயிலைத் தடுக்கும் எஸ்பிஎஃப் 30 லிப்பாம், அகல விளிம்புத் தொப்பி. கூடைக் கயிற்றோடு தொப்பி நிற்காது என்று அக்காமார் சொல்வது சரிதான். தலைத்துணியை முன்னே இழுத்துக் கட்டி, தேத்தண்ணி குடித்த பிறகு லிப்பாமை மறுபடி பூசுங்கள். புகையிலையோடு வெற்றிலை போடுகிறவர்கள் இன்னும் கவனம். மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண்ணோ தடித்த திட்டோ இருந்தால் தோட்ட டிஸ்பென்சரியோடு நிற்காமல், பெரியாஸ்பத்திரி கிளினிக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.