ஆயா 'வந்துச்சு'ன்னு எழுதுனா மரியாதை இல்லையா?

[காட்சி: காசிமேடு, விடிகாலை. படகுகள். குரல் மட்டும்.]

"இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். பையன் எழுந்து நின்றான்."

ரெண்டே வரி. யாரு நல்லவன்னு கதைசொல்லி இன்னும் சொல்லவே இல்ல. ஆனா யாருக்கு 'ர்', யாருக்கு 'ன்'னு பிரிச்சுட்டாரு. பையன் வடசென்னை வியாசர்பாடின்னு அடுத்த வரியில வந்தா, உங்க மனசு அவனை எங்க உக்கார வைக்கும்?

வணக்கம் மக்களே! ஒரு பாத்திரத்தைக் கதைசொல்லி எப்படிப் பாக்குறாருன்னு தெரியணுமா? தமிழ்ல முதல்ல வினைமுற்றைப் பாருங்க. ஆங்கிலத்துல ரவுடியும் 'ஹீ'தான், ஜட்ஜும் 'ஹீ'தான். நமக்கு அப்படித் தப்பிக்க வழியே இல்ல. ஒருத்தரைப் பன்மையில சொல்றது வழக்குல வந்த உயர்சொல், இலக்கண நெறி இல்லன்னு தொல்காப்பியத்துல கிளவியாக்கம்ங்கிற இயல்லயே இருக்கு. அந்த 'ர்' நாமளா மனசு வெச்சுக் குடுக்குறது!

இப்ப எனக்கு ரொம்பப் புடிச்ச இடத்துக்கு வரேன். எங்க ராயபுரம் பக்கம் பாட்டியை ஆயான்னுதான் சொல்லுவோம். 'ஆயா வந்துச்சு, மீன் ஆஞ்சுச்சு'ன்னுதான் பேசுவோம். வெளியாள் காதுக்கு அது அஃறிணை. எங்களுக்கு மடியில படுத்துக்கினு பேசுற பேச்சு. அதே ஆயாவை ரெண்டு பேர் எழுதுறாங்கன்னு வைங்க.

[திரையில் எழுத்து]

"கிழவி கூடையை இறக்கினாள். வெற்றிலை வழியும் வாயால் தெருவே அதிரக் கத்தினாள்."

"ஆயா கூடைய எறக்குச்சு. சும்மாட்ட உதறி மூஞ்சத் தொடச்சுச்சு. வஞ்சிரம், வஞ்சிரம்னு குரல் குடுத்துச்சு. மணிக்கட்டுல ஒரு செதில் ஒட்டிக்கினு மின்னுச்சு."

சத்தம் ஒண்ணுதான். ஒருத்தருக்கு அது கத்தல், இன்னொருத்தருக்குக் குரல். முதல் ஆள் தெருவுக்கு அந்தாண்ட நிக்கிறாரு, வாயும் சத்தமும் தவிர அவருக்கு எதுவும் எட்டல. ரெண்டாவது ஆள் பக்கத்துல குந்திக்கினு இருக்காரு. இல்லன்னா அந்தச் செதில் எப்படிக் கண்ணுல படும்? 'ள்' போட்டவரு இலக்கணப்படி உயர்திணையிலதான் எழுதியிருக்காரு. ஆனா மரியாதை 'ச்சு' போட்டவர்கிட்டதான் இருக்கு!

உவமை, அடைமொழி எல்லாத்துலயும் இதே கதைதான், அதுக்குத் தனி வீடியோ போடுறேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஆத்திரமா வரும். வடசென்னைப் பையன் கதைக்குள்ள வந்தாலே கன்னத்துத் தழும்பையும் அழுக்கு லுங்கியையும்தான் எழுதுறாங்க. அவன் விரல்ல ஒட்டியிருக்குற கேரம் போர்டு பவுடரை எழுதுங்களேன்!

உங்க வீட்டுல ஆயா 'வந்துச்சா', 'வந்தாங்களா'? ஊர் பேரோட கமெண்ட்ல போடுங்க, ஒவ்வொண்ணையும் படிக்கிறேன்.