கோலும் வேலும்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம். கல்லூரியில் அரசியல் தத்துவம் நடத்திய காலத்திலிருந்தே என்னை விடாத கேள்வி ஒன்று உண்டு. அரசுக்கு நாம் அடங்கி நடப்பது அடிக்குப் பயந்தா, மனம் ஒப்பியா?

இங்கிலாந்தின் தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ், உள்நாட்டுப் போரில் நாடு சிதறியதைக் கண்டவர். வாள் ஒன்று காவலுக்கு இல்லையென்றால் மனிதர்கள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தமெல்லாம் வெறும் பேச்சு என்று 1651-இல் எழுதினார். ஜெர்மனியின் சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வெபர் 1919-இல், நியாயமாகப் பலத்தைப் பயன்படுத்தும் உரிமை தனக்கு மட்டுமே என்று நிலைநாட்டிக்கொள்வதே அரசு என்றார். சரி, எது நியாயம்? சிக்கலே அங்கேதான்.

இங்கே எனக்கு வள்ளுவர் வேண்டும்.

"வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும்
கோலொடு நின்றான் இரவு."

வேலோடு வழிமறித்து "எடு" என்கிறான் கொள்ளைக்காரன். செங்கோலோடு நின்று "கொடு" என்கிறான் அரசன். இரண்டும் ஒன்றுதான் என்கிறார். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத குறள். ஐந்தாம் நூற்றாண்டில் கிறித்தவ ஞானி அகஸ்டினும் இதையே கேட்டார், நீதியை எடுத்துவிட்டால் அரசுகள் பெரிய கொள்ளைக் கூட்டங்கள்தானே என்று. அவர் சொல்லும் கதையில், பிடிபட்ட கடற்கொள்ளையன் அலெக்சாந்தரிடம் சொல்கிறான்: "சின்னக் கப்பலில் செய்வதால் நான் திருடன். பெரிய படையோடு செய்வதால் நீங்கள் பேரரசர்."

அதற்காக வள்ளுவர் தண்டனையே வேண்டாம் என்பவர் இல்லை. இரண்டு குறள் முன்னால்தான், கொலைகாரரை ஒறுப்பது பயிருக்குக் களை எடுப்பது போல என்கிறார். கேரட் தோட்டத்தில் வேரை அசைக்காமல் விரலால் களை பிடுங்குகிறவர்களுக்கு இதன் நிதானம் புரியும்.

நம் குன்னூர் மலைப்பாதையையே பாருங்கள். இறங்கி வரும் லாரி, கொண்டை ஊசி வளைவுக்கு மேலேயே ஒதுங்கி நின்று, ஏறி வரும் பேருந்துக்கு வழிவிடுகிறது. அங்கே போலீஸ் இல்லை, லத்தி இல்லை. ஏற்றத்தில் நின்றுவிட்டால் வண்டியை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று இருவருக்கும் தெரியும். அபராதமும் சிறையும் பின்னால் இருக்கின்றனவே என்பார் ஹாப்ஸ். இருக்கின்றனதான். ஆனால் வளைவுக்கு ஒரு போலீஸ்காரரை நிறுத்த எந்த அரசாலும் ஆகாது.

நேரம் முடிகிறதென்று சைகை காட்டுகிறார்கள். அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்டைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன். மக்கள் சேர்ந்து நிற்பதிலிருந்து பிறப்பது அதிகாரம், வன்முறையால் அதை அழிக்க முடியும், உண்டாக்க முடியாது என்றவர் அவர். காந்திக்கு எதிரே இங்கிலாந்துக்குப் பதில் ஹிட்லரின் ஜெர்மனி இருந்திருந்தால் முடிவு படுகொலையாகத்தான் இருந்திருக்கும் என்றும் அவரே எழுதினார். இன்னொரு நாள் வாய்ப்புக் கிடைத்தால் அங்கிருந்து தொடர்கிறேன். வணக்கம்.