முகவரியைப் பதிவு செய்தால் விசா நீளுமா? ஜெர்மனி போகும் ஆராய்ச்சியாளர்களுக்கு

அடுத்த கேள்வி. ஆராய்ச்சியாளர் விசாவில் சென்னையிலிருந்து மியூனிக் போகிற ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். முதல் சில மாதம் தோழியின் வீட்டில் தங்குவாராம், விசா ஆறு மாதத்துக்குத்தான் இருக்கிறது, அங்கே முகவரியைப் பதிவு செய்தால் விசாவும் தானாக நீண்டுவிடுமா என்கிறார்.

நீளாதுங்க. இரண்டும் வேறு வேறு சட்டம், இரண்டுக்கும் தனித்தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

முதலில் முகவரிப் பதிவு, அன்மெல்டுங். குடிபுகுந்த 2 வாரத்துக்குள் செய்ய வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் காட்டினால் போதாது, வீடு கொடுப்பவர் கையெழுத்துப் போட்ட உறுதிக் கடிதம் 2015 நவம்பரிலிருந்து கட்டாயம். தோழியே வாடகைக்கு இருப்பவர் என்றால் அவரும் கையெழுத்துப் போடலாம், ஆனால் உங்களைத் தங்கவைக்க வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கிவிடச் சொல்லுங்கள். பணம் கொடுத்தால் முகவரி தருகிறேன் என்று யாராவது வாட்ஸாப்பில் சொன்னால் தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள், குடியிருக்காத வீட்டுக்கு இப்படி முகவரி கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் உண்டு, பொய்யாகப் பதிந்த உங்களுக்கும் சிக்கல்தான். அப்புறம், தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள், இதை மறந்துவிடவே கூடாது. பதிவு முடிந்ததும் வரி எண் தபாலில்தான் வரும், பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும், அந்த எண்ணை வேலை கொடுப்பவரிடம் கொடுக்காமல் இழுத்துக்கொண்டே போனால் ஆறாம் வரி வகுப்பு என்று சம்பளத்தில் பெரிய தொகையைப் பிடித்துவிடுவார்கள்.

விசா விஷயத்துக்கு வெளிநாட்டவர் அலுவலகம். விசா முடிவதற்கு முன்பே வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும் வரை பழைய விசாவே தொடர்வதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இது உங்களுடையது மாதிரி, நீண்ட காலம் தங்குவதற்கான டி வகை விசாவுக்குத்தான், சுற்றுலாவுக்கு வரும் ஷெங்கன் விசாவுக்குக் கிடையாது. பெரிய நகரங்களில் நேரம் ஒதுக்கி வாங்குவதே பெரும் பாடு, அதனால் போய் இறங்கிய மாதமே ஆரம்பியுங்கள். இடையில் ஊருக்கு வர வேண்டியிருந்தால், அந்தத் தொடர்ச்சிக்கான சான்று, ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங், கையில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

கணவரும் வருவாரா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வரலாம். ஆராய்ச்சியாளரின் துணைவருக்கு ஜெர்மன் மொழித் தேர்வு கட்டாயமில்லை, வசிப்பு அனுமதி கிடைத்ததும் அவர் வேலைக்கும் போகலாம்.