பட்டியல் அவர் கையில் இருந்தது
(இதழியல் மாணவர்களிடையே ஆற்றிய உரை)

தலைமையேற்றிருக்கும் பேராசிரியர் பெருந்தகை அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த பத்திரிகை ஆசிரியர்களே, வரவேற்புரையிலேயே என் உரையில் பாதியைச் சொல்லி முடித்துவிட்ட துறைத்தலைவர் அவர்களே, துண்டு போர்த்திய விழாக் குழுவினரே, ஒலிவாங்கியை இரண்டு முறை சரிசெய்து கொடுத்த தம்பி, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

தலைப்பு ஒயின் என்றதும் பின்வரிசை நிரம்பிவிட்டது. ஏமாற வேண்டாம், மேசையில் இருப்பது சோடா. 'டைம்' இதழின் செய்தியாளர் ஜார்ஜ் டேபர் ஒயின் நூலாசிரியரானதைப் பற்றி மூன்று செய்திகள் சொல்வேன்: ஒரு பிற்பகல், ஒரு தக்கை, ஒயின் எழுத்தில் கிடைக்கும் வருமானம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். அதைச் சொல்லிக்கொண்டே தொடங்குகிறேன்.

1976 மே 24, பாரிஸ், இன்டர்கான்டினென்டல் ஓட்டல். அந்நகரில் ஒயின் கடை வைத்திருந்த ஆங்கிலேயர் ஸ்டீவன் ஸ்பரியர், கலிபோர்னியா ஒயின்களையும் பிரெஞ்சு ஒயின்களையும் பெயர் மறைத்துச் சுவைக்க வைக்கிறார். வெள்ளையில் பத்து, சிவப்பில் பத்து. இரண்டிலும் ஆறு கலிபோர்னியா, நான்கு பிரான்ஸ். நடுவர்கள் ஒன்பது பேரும் பிரெஞ்சுக்காரர்கள். நிறம், மணம், சுவை, இசைவு பார்த்து 20க்கு மதிப்பெண். பிரான்ஸ்தான் ஜெயிக்கும், இதில் என்ன செய்தி என்று மற்ற பத்திரிகைகள் ஆள் அனுப்பவில்லை. வந்த ஒரே செய்தியாளர் டேபர். அவருக்குப் பிரெஞ்சு தெரியும். எந்த ஒயின் எந்த வரிசையில் வரும் என்ற பட்டியலும் அவர் கையில் இருந்தது.

இங்கேதான் வேடிக்கை! புகழ்பெற்ற உணவக உரிமையாளர் ரேமோன் ஒலிவியே ஒரு வெள்ளை ஒயினை உறிஞ்சிவிட்டு, "ஆகா, மறுபடி பிரான்சுக்கு வந்துவிட்டோம்" என்கிறார். டேபர் பட்டியலைப் பார்க்கிறார்: நாபா பள்ளத்தாக்கில் சார்டனே என்ற வெள்ளைத் திராட்சையில் செய்த 1972ஆம் ஆண்டு ஒயின், சுத்தக் கலிபோர்னியா! இன்னொரு நடுவர், "இது நிச்சயம் கலிபோர்னியா, மணமே இல்லை" என்று ஒதுக்குகிறார். அது பிரான்சின் பர்கண்டி வட்டாரத்துப் பெருமைக்குரிய பட்டார்-மோன்ட்ராஷே! கண்ணால் காண்பதும் பொய், நாக்கால் சுவைப்பதும் பொய் என்று பழமொழியை நீட்டிக்கொள்ளலாம்.

வெள்ளையில் கலிபோர்னியாவின் ஷாட்டோ மோன்டலீனா 1973 முதலிடம். ஆனால் ஸ்பரியர் ஒரு தவறு செய்தார். சிவப்பு சுவைக்கும் முன்பே வெள்ளை முடிவை அறிவித்துவிட்டார். நடுவர்கள் உஷாராகிவிட்டார்கள். அப்படியும் சிவப்பில் கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 127.5, பிரான்சின் மூட்டோன் 126. ஒரே நடுவர் மூட்டோனுக்கு இரண்டு மதிப்பெண் கூட்டிப் போட்டிருந்தால் முடிவு தலைகீழ். அந்த மெல்லிய வித்தியாசத்தை 'மாபெரும் வெற்றி' என்று இன்றும் எழுதுகிறவர்கள் கூட்டல் கணக்கைப் பார்ப்பதில்லை. ஓடெத் கான் என்ற நடுவர் தம் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார், கிடைக்கவில்லை.

'டைம்' ஜூன் 7 இதழில் இந்தச் செய்தி வந்தது சில பத்திகள்தான். 29 ஆண்டு கழித்து, 2005இல் டேபர் அதை முழு நூலாக எழுதினார். அந்த அறையில் நின்றவர் என்பதால் எழுத முடிந்தது.

இரண்டாவது, ஒயின் பாட்டிலை அடைக்கும் தக்கை. 2007 நூலில் டேபர் அதைத் துருவினார். தக்கையில் பூசணம் இருந்து குளோரின் பட்டால் டி.சி.ஏ. என்ற சேர்மம் உருவாகும். லிட்டருக்குச் சில நானோகிராம் போதும், ஒயினில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும். அதைவிடக் குறைந்தால் வாடை தெரியாது, பழமணம் மட்டும் செத்துவிடும். குடிப்பவர் தக்கையைச் சந்தேகிக்க மாட்டார், தயாரிப்பாளரைத் திட்டுவார். தீர விசாரித்தால்தான் தக்கை மாட்டும்! தக்கை ஓக் மரத்தின் பட்டையை ஏறத்தாழ 25 வயதில் முதலில் உரிக்கிறார்கள், பிறகு ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை. மூன்றாம் உரிப்பில்தான் பாட்டிலுக்குத் தகுந்த தரம் கிடைக்கும்.

மணி அடித்துவிட்டார்கள். வருமானத்தைத் தேநீர் வேளையில் கேளுங்கள். முன்வரிசை ஆசிரியர்களிடம் ஒரே கோரிக்கை. அனுப்பி வைக்கும் அறிக்கையை வெட்டி ஒட்டும் வழக்கத்தை நிறுத்துங்கள். ஒவ்வொரு செய்தியாளருக்கும் மாதம் ஒரு பிற்பகல் கொடுங்கள், செய்தி இல்லை என்று ஊரே சொல்லும் இடத்துக்குப் பஸ் கட்டணம் கொடுத்து அனுப்புங்கள். கோரிக்கைத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பேனா ஒலிவாங்கித் தம்பியிடம்.