கூட ஆள் இருக்காங்களா?

(உலக எய்ட்ஸ் தினத்தையொட்டி, எங்கள் ஊர் வணிகர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்திருக்கும் வணிகர்களுக்கும், உட்கார இடமில்லாமல் பின்னால் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

தலைவர் என்னை சமூக சேவகி என்று அறிமுகப்படுத்தினார். நான் முப்பத்தொரு வருஷம் அரசுப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்த டீச்சர். எச்.ஐ.வி. நோயாளிகளுக்குத் துணை நிற்கும் இந்த வேலைக்குள் என்னைக் கொண்டுவந்து விட்டவன் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பையன். பெயர் வேண்டாம். வளர்ந்து லாரி ஓட்டினான். 2003ஆம் வருஷம், சித்திரை வெயிலில், அவனுடைய அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தாம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க டீச்சர். கூட ஆள் வேணுமாம். எனக்கு மெட்ராஸ்ல திக்குத் தெரியாது." அண்ணன் தம்பி என்று மூன்று ஆண்பிள்ளைகள் இருந்த வீடு அது. ஒருவரும் கிளம்பவில்லை. பள்ளிக்கூடம் லீவு. நான் கிளம்பினேன்.

சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கிப் போனால் மரங்கள் அடர்ந்த பெரிய வளாகம். 1928இல் காசநோய்க்காகத் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. எல்லா இடத்திலும் கதவு சாத்தப்பட்ட காலத்தில், எச்.ஐ.வி. இருப்பவர்களைச் சேர்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி. வார்டில் பையன் என்னைப் பார்த்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். "கிட்ட வராதீங்க டீச்சர்." அன்று மதியம் அவன் கஞ்சி குடித்த தட்டைக் கழுவ எடுத்தேன். கிருமி தட்டில் ஒட்டாது, தொட்டால் பரவாது, எல்லாம் படித்திருக்கிறேன். ஆனாலும் என் கை ஒரு நொடி நின்றது. அவன் அதைப் பார்த்துவிட்டான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்த ஒரு நொடியை என்னால் இன்னும் கழுவ முடியவில்லை.

அந்த ஐப்பசியில் அவன் போய்ச் சேர்ந்தான். 2004 ஏப்ரல் 1ஆம் தேதி மத்திய அரசு எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது. முதலில் தொடங்கிய ஆஸ்பத்திரிகளில் தாம்பரமும் ஒன்று. ஆறு மாசம். இன்னும் ஆறு மாசம் தாக்குப் பிடித்திருந்தால் அவனுக்கும் அந்த மாத்திரை கிடைத்திருக்கும். உலகத்தில் மருந்து இல்லாமல் அவன் சாகவில்லை. வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற மருந்தை நாளுக்கு ஒரு டாலருக்குத் தருகிறோம் என்று 2001லேயே நம் நாட்டு சிப்லா கம்பெனி சொல்லிவிட்டது. அந்த ஒரு டாலரும் அவன் வீட்டில் இல்லை.

இந்தியாவில் இந்தக் கிருமி முதலில் கண்டறியப்பட்டதே நம் சென்னையில்தான், 1986இல். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த வேலை. சேகரித்த ரத்த மாதிரிகளை நிர்மலா தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். சுனிதி அம்மா அதோடு விட்டுவிடவில்லை. 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கினார், 2015இல் கண்மூடும்வரை இந்த நோயாளிகளுக்கே டாக்டராக இருந்தார். 1998இல் கௌசல்யா முதலான பெண்கள், 'எங்களுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது' என்று முகத்தைக் காட்டிச் சொல்லி, பாசிட்டிவ் பெண்களுக்கென்றே ஓர் அமைப்பைக் கட்டினார்கள். கணவனிடமிருந்து நோயை வாங்கிக்கொண்டு, கணவன் செத்த பிறகு அந்தப் பழியையும் சுமந்து, மாமியார் வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பெண்களுக்கு அப்படி ஓர் அமைப்பு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்றைக்கு நிலைமை வேறு. நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் சோதனை. அந்தக் கூட்டு மருந்தைத் தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் இலவசமாக மருந்து. பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரே ஒரு மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்கு அடங்கிவிடும், அப்படி அடங்கியவரிடமிருந்து கணவன் மனைவி உறவில்கூட நோய் பரவாது. மருந்து சாப்பிட்டால் துணைக்குப் பரவுவது தடுக்கப்படும் என்று உறுதி செய்த ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. அதில் சென்னைத் தம்பதிகளும் பங்கெடுத்தார்கள். தாய் முறையாக மருந்து எடுத்தால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே. அந்தப் பையன் காலத்தில் இதையெல்லாம் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அரசு மருந்து கொடுக்கிறது, அப்புறம் நாம் எதற்கு என்று ஒரு அன்பர் போன வாரம் கேட்டார். நியாயமான கேள்வி.

நம் பழைய மருத்துவத்தில் சிகிச்சைக்கு நான்கு பேர் கணக்கு: நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர். அந்த நாலாவது ஆளுக்குப் பழந்தமிழில் 'உழைச்செல்வான்' என்று பெயர். உழை என்றால் பக்கம். பக்கத்தில் செல்கிறவன். மருந்தையும் வைத்தியரையும் அரசு தந்துவிட்டது. நாலாவது ஆளை எந்த அரசும் அரசாணை போட்டுத் தர முடியாது. எந்த வார்டுக்குப் போனாலும் நர்ஸ் கேட்கும் முதல் கேள்வி, "கூட ஆள் இருக்காங்களா?" ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக, ரிப்போர்ட் வாங்கி வர, ராத்திரியில் பாத்ரூமுக்குக் கைகொடுக்க ஒரு ஆள். எச்.ஐ.வி.க்கு மட்டுமா இது? கேன்சர் வார்டிலும் டயாலிசிஸ் வார்டிலும் இதே கேள்விதான்.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறார். மருந்து வாங்கப் போகும் நாளில் கூலி கிடையாது, பஸ்ஸுக்குப் போக வரப் பணம் வேண்டும். கையில் காசில்லாத மாதம், 'அடுத்த வாரம் போவோம்' என்று தள்ளிப்போடுவார். ஒரு வாரம் மருந்து நிற்கும். இப்படி விட்டுவிட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் அந்த மருந்து கேட்காது. அரசு கோடிக்கணக்கில் செலவழித்துத் தரும் மருந்து பஸ் காசு இல்லாமல் தோற்றுப்போகிறது. இது கணக்கு டீச்சர் போடும் கணக்கு, சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்தை வாங்கியதும் அந்த அம்மா நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போக மாட்டார். ஆஸ்பத்திரி மதில் ஓரம் உட்கார்ந்து, பாட்டிலில் ஒட்டியிருக்கும் லேபிளை எச்சில் தொட்டு நகத்தால் சுரண்டி எடுப்பார். பிறகு மடியிலிருந்து பஞ்சை எடுத்து பாட்டிலுக்குள் அடைப்பார். எதற்கு என்று கேட்டேன். "பஸ் குலுங்கும்போது மாத்திரை சத்தம் போடும் டீச்சர். பக்கத்துல உட்கார்ந்திருக்கவங்க என்ன மருந்துன்னு கேப்பாங்க." தலைவலி மாத்திரை என்று சொல்லிவிடலாமே என்றேன். "நம்ம தெரு ஆளா இருந்தா?" என்றார்.

அந்தப் பஞ்சை மனதில் வைத்துக்கொண்டு நாங்கள் செய்த ஒரு தப்பைக் கேளுங்கள். நோயாளிகளுக்கு உதவ நாங்கள் சிலர் சேர்ந்து இந்தக் குழுவைத் தொடங்கிய புதிதில், நல்ல மனசோடுதான், ஒரு பொங்கலுக்கு அரிசி, பருப்பு, வேட்டி, சேலை கொடுக்க ஏற்பாடு செய்தோம். மண்டபம் பிடித்தோம். பின்னால் பேனர் கட்டினோம். பேனரில் நோயின் பெயரைப் போட்டோம். ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டு, பெரிய மனிதர்கள் கையால் பை கொடுக்க வைத்து, போட்டோ எடுத்தோம். மறுநாள் ஒரு பத்திரிகையில் படம் வந்தது. ஒரு பெண் பையை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்து நிற்கிறாள். குனிந்தும் முகம் தெரிகிறது. அந்த வாரமே வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். பிள்ளை படித்த பள்ளியில் அவனைத் தனி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பத்து கிலோ அரிசி கொடுத்து அவளுடைய கூரையைப் பிடுங்கிவிட்டோம். அவள் திட்டக்கூட இல்லை. அரிசிப் பையைத் திரும்பக் கொண்டுவந்து என் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனாள்.

இன்றைக்குச் சட்டமே இருக்கிறது. 2017இல் இயற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. நோயைக் காரணம் காட்டி வேலையிலோ பள்ளியிலோ வாடகை வீட்டிலோ ஒதுக்கக் கூடாது. இங்கே கட்டட உரிமையாளர்களும் பள்ளித் தாளாளர்களும் இருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். சந்தேகம் இருந்தால் 1097க்கு போன் செய்தால் போதும், காசு கிடையாது.

அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் ரூத் பிரிங்கர் என்று ஒரு பாட்டி இருந்தார். 1980களின் நடுவில் அங்கே இளைஞர்கள் எய்ட்ஸில் மடிந்துகொண்டிருந்தார்கள். அவருடைய நண்பர் ஒருவருக்கும் நோய். எழுந்து சமைக்கத் தெம்பில்லை. நண்பர்கள் முறைபோட்டுச் சாப்பாடு கொண்டுபோனார்கள். ஒரு சமயம் முறைக்காரர்கள் ஊரில் இல்லாமல் போனார்கள், சாப்பாடு போகவில்லை. அந்த நண்பர் பிழைக்கவில்லை. ரூத் பாட்டி 1985இல் ஏழு பேருக்குத் தன் கையால் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார். அந்த அடுப்பு இன்னும் அணையவில்லை, பெரிய அமைப்பாக நடக்கிறது. எனக்கு இதில் பிடித்தது, ஏழு என்ற அந்த எண்ணிக்கை. நம் தெருக்களில் ஏழு பேருக்குச் சோறு கொண்டுபோக முடியாதா?

இவ்வளவு தூரம் போக வேண்டாம், பக்கத்து மலப்புரத்தைப் பாருங்கள். படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்க, அங்கே ஊர் மக்களே பயிற்சி எடுத்துக்கொண்டார்கள். டாக்டரும் நர்ஸும் அவர்களுக்குத் துணை. கடைக்காரர்கள், மாணவர்கள், கூலி வேலை செய்கிறவர்கள் என்று எல்லோரும் சிறுகச் சிறுகப் பணம் போட்டார்கள். 2008இல் கேரள அரசு அதையே மாநிலக் கொள்கையாக்கியது. முதலில் ஊர் நடந்தது, அரசு பின்னால் வந்தது. அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியும் அப்படித்தானே? தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் ஊரெல்லாம் நன்கொடை கேட்டு, 1954இல் திறந்தார்.

இப்போது நாங்கள் செய்வதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். பேனர் கிடையாது. போட்டோ கிடையாது. சாதாரண மளிகைக் கடைத் துணிப்பையில், பெயர் எதுவும் அச்சடிக்காமல், அரிசி, பருப்பு, முட்டை, வேர்க்கடலை போகிறது. பசியோடு கிடக்கும் உடம்புக்கு மருந்தைத் தாங்குவது கஷ்டம். எச்.ஐ.வி. வீட்டுக்கு மட்டும் கொண்டுபோனால் அதுவே அடையாளமாகிவிடும் என்று, சிறுநீரகம் போனவர், பக்கவாதம் வந்தவர், கேன்சருக்குக் கதிர்வீச்சு எடுப்பவர் எல்லாருடைய வீட்டுக்கும் அதே பை. எந்தப் பை யாருக்கு என்பது எங்களில் இரண்டே பேருக்குத் தெரியும். பஸ் காசுக்குத் தனி உண்டியல். பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புக்கு, அரசு 2009இல் அமைத்த அறக்கட்டளையின் உதவி இருக்கிறது. அதற்கு மனு எழுதித் தருகிறோம். நன்கொடை கொடுக்கும் நீங்கள், 'யாருக்குப் போகிறது, பார்க்கலாமா' என்று கேட்பீர்கள். காட்ட மாட்டோம். கணக்கு நோட்டைக் காட்டுவோம், ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது இருக்கும். ஆளைக் காட்ட மாட்டோம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பணத்தைவிட எங்களுக்கு ஆள்பஞ்சம். மேடைக்கு வலதுபக்கம், குடிதண்ணீர் கேன் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயர், போன் நம்பர், எந்தக் கிழமை முடியும் என்று எழுதினால் போதும். வரும் திங்கட்கிழமை காலை ஐந்தரை பஸ்ஸுக்கு ஒருவர் ஆஸ்பத்திரியில் சேரப் போகிறார். வயசானவர், கண் சரியாகத் தெரியாது. மூன்று நாள் இருக்க வேண்டியிருக்கும். என்ன நோய் என்று கேட்காமல் கூடப் போக ஒருவர் வேண்டும். முதல் ராத்திரிக்கு நான் இருக்கிறேன்.