பாம்பு பல்லைக் கடிக்கும் ஓசை

(ஒரு வாசகர் வட்டத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். சொன்னதையே திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ‘கிரேக்க, லத்தீன் இலக்கியமும் மெட்டல் இசையும்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். உள்ளே வரும்போது ஒரு பெரியவர், “தம்பி, மெட்டல்னா வெண்கலமா, இரும்பா?” என்று கேட்டார். கிரேக்கம் என்றதும் அவருக்கு வெண்கலக் காலம் நினைவுக்கு வந்திருக்கிறது. நியாயமான கேள்விதான். எலெக்ட்ரிக் கிட்டார் உறுமுகிற, பாடகர் அடித்தொண்டையில் கத்துகிற இசை ஐயா என்றேன். “ஓஹோ” என்றார், ஸ்பீக்கருக்கு ரொம்பத் தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டார். அங்கேயே இருங்கள் ஐயா. கடைசியில் உதவும்.

என் கதையிலிருந்து தொடங்குகிறேன். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன் ஒரு கேசட் வைத்திருந்தான். யாரிடமோ இரவல் வாங்கிப் பதிவு செய்தது. உறையில் பேனாவால் ‘மெய்டன் 86’ என்று மட்டும் எழுதியிருக்கும். அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் குழு 1986-இல் வெளியிட்ட ஆல்பம் அது. கடைசிப் பாட்டு எட்டரை நிமிடம் ஓடும், மகா அலெக்சாந்தரைப் பற்றி. எழுதியவர் அந்தக் குழுவில் பேஸ் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸ். பாட்டு தொடங்குமுன் ஒரு குரல் பேசும்: மகனே, நீ வேறு ராஜ்யம் தேடிக்கொள், நான் விட்டுப்போவது உனக்குப் போதாது என்கிற பொருளில். யார் யாரிடம் சொன்னது, எதற்குச் சொன்னது, எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் குரல் முடிந்து டிரம்ஸ் எழும்பும் நொடிக்காகத்தான் கேசட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றினோம்.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ப்ளூட்டார்க்கைக் கிரேக்கத்தில் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். அலெக்சாந்தரின் வாழ்க்கை வரலாறு, ஆறாவது அத்தியாயம். ஒரு குதிரை வியாபாரி பதின்மூன்று டாலந்து விலை சொல்லி ஒரு குதிரையைக் கொண்டுவருகிறான். யாரையும் ஏறவிடாமல் அது துள்ளுகிறது. மன்னர் ஃபிலிப் கோபத்தோடு, கொண்டுபோ என்கிறார். பையன் அலெக்சாந்தர் ஒன்றைக் கவனித்திருக்கிறான்: குதிரை தன் நிழலைப் பார்த்துத்தான் மிரளுகிறது. கடிவாளத்தைப் பிடித்து அதைச் சூரியனை நோக்கித் திருப்புகிறான். நிழல் பின்னால் போய்விடுகிறது. தட்டிக்கொடுத்து, கூடவே கொஞ்ச தூரம் ஓடி, தாவி ஏறிவிடுகிறான். திரும்பி வந்து இறங்கிய பையனின் தலையில் அப்பா கண்ணீரோடு முத்தமிட்டு ஒரு வாக்கியம் சொல்கிறார். அந்த வாக்கியத்தின் வினைச்சொல்லை அகராதியில் தேடிக்கொண்டிருக்கும்போதே என் காதில் டிரம்ஸ் தொடங்கிவிட்டது. கேசட்டில் கேட்ட அதே வாக்கியம்.

சரி, இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பாட்டில் ஒரு தப்பும் இருக்கிறது. அலெக்சாந்தரின் படை அவரோடு இந்தியாவுக்கு வர மறுத்துவிட்டது என்று பாடுகிறார்கள். நம் ஊர் எட்டாம் வகுப்புப் பிள்ளை கூட எழுந்து நின்று மறுக்கும். படை வந்தது. கி.மு. 326-இல் ஜீலம் நதிக்கரையில் போரஸோடு மோதியது. அந்தப் போரையொட்டித்தான் நிழலுக்கு மிரண்ட அந்தக் குதிரை செத்துப்போனது. அதன் பெயரால் அங்கே ஓர் ஊரையே உண்டாக்கினார்கள். படை மறுத்தது அதற்கப்புறம், பியாஸ் நதிக்கரையில். எட்டு வருடம் நடந்து தேய்ந்த சிப்பாய்கள் இனி ஓர் அடி எடுத்து வைக்கமாட்டோம் என்றார்கள். கோய்னஸ் என்ற மூத்த தளபதி எழுந்து மன்னர் முகத்துக்கு நேரே அதைச் சொன்னதாக அரியன் எழுதுகிறார். நான் வகுப்பெடுக்கும் காலத்தில் இந்தப் பாட்டைப் போட்டுவிட்டு, தப்பைக் கண்டுபிடியுங்கள் என்பேன். வரைபடத்தை அவ்வளவு ஆர்வமாக மாணவர்கள் புரட்டி நான் வேறு எந்த நாளிலும் பார்த்ததில்லை.

இது என் ஒருவனுடைய கிறுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2020-இல் ஃப்ளெச்சர், உமுர்ஹான் என்ற இரண்டு அமெரிக்கச் செவ்வியல் பேராசிரியர்கள், கிரேக்க ரோமானிய உலகமும் ஹெவி மெட்டலும் பற்றிப் பலர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாகவே கொண்டுவந்தார்கள். பார்த்ததும் சந்தோஷமும் கொஞ்சம் எரிச்சலும் வந்தது. நாம் ரகசியமாக வைத்திருந்த பலகாரத்தை ஊரே தின்றுகொண்டிருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

மெட்டல்காரர்களுக்குப் பழைய உலகத்தின் மேல் ஏன் இவ்வளவு ஆசை? போர், ரத்தம், பேய், கொடுங்கோலர்கள் எல்லாம் அங்கே தாராளமாகக் கிடைக்கின்றன என்பது பாதிப் பதில். எனக்கு அதைவிடச் சுவையாகப்படுவது சத்தம். மியூசியத்தில் கிரேக்கச் சிலைகளை வெள்ளை வெளேரென்று பார்க்கிறோம். அவை சாயம் பூசிய சிலைகள். காலப்போக்கில் சாயம் போய்விட்டது. சத்தமும் அப்படித்தான் போய்விட்டது. ஹோமரை நூலகத்தில் மூச்சு விடாமல் உட்கார்ந்து படிக்கிறோம். அந்தக் காலத்து மனிதர்களுக்கு இதைக் காட்டினால் யாருக்கோ துக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

டெல்பிக்குப் போவோம். கி.மு. 586. அப்போலோ கோயிலில் நடக்கும் பித்தியப் போட்டிகள். ஆலோஸ் என்ற கருவியைத் தனியாக வாசிப்பதற்குப் பரிசு. ஆலோஸைப் புல்லாங்குழல் என்று மொழிபெயர்க்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுவோம். சீவாளி வைத்து ஊதுகிற கருவி அது, நாகஸ்வரத்தின் சாதி. அதிலும் ஒரே ஆள் இரண்டு குழலை ஒரே நேரத்தில் வாயில் வைத்து ஊதவேண்டும். வாயையும் கன்னத்தையும் தாங்கிப் பிடிக்கத் தலையைச் சுற்றி ஒரு தோல்பட்டை கட்டிக்கொள்வார்கள். ஆர்கோஸ் ஊர்க்காரர் சகாடாஸ் அந்த வருடம் ஜெயித்தார். அடுத்த இரண்டு போட்டிகளிலும் அவரே. அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் உருப்படிக்குச் சொல் கிடையாது, வெறும் வாசிப்பு. அப்போலோ பைத்தான் என்ற மகா சர்ப்பத்தோடு போரிடுவதுதான் கதை. அதன் பகுதிகளைப் பிற்காலத்து அகராதிக்காரர் பொலக்ஸ் விவரிக்கிறார். ஓரிடத்துக்குப் பெயர் ‘ஓடொன்டிஸ்மோஸ்’, பற்கடிப்பு. அம்பு தைத்த பாம்பு வலியில் பல்லை நறநறவென்று கடிக்கும் ஓசையை ஆலோஸில் கொண்டுவரவேண்டும்.

கிட்டார்காரர்கள் ‘பிஞ்ச் ஹார்மோனிக்’ என்று ஒன்று செய்வார்கள். தந்தியை மீட்டும் நொடியிலேயே கட்டைவிரல் ஓரத்தால் லேசாகத் தொட்டுவிட்டால், சுரம் உடைந்து கீச்சென்று அலறும். டிஸ்டார்ஷன், அதாவது கிட்டார் ஒலியைக் கரகரப்பாக உடைக்கும் உத்தி, வைத்து அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு சகாடாஸ் நினைவுதான். இரண்டாயிரத்தறுநூறு வருடத்துக்கு முன்னால் ஒரு மனிதர் கோயில் மேடையில் நின்று, அழகான சுரத்தைக் கெடுத்து, ஒரு மிருகம் சாகும் சத்தத்தை வரவழைத்துப் பரிசும் வாங்கியிருக்கிறார்.

பிளேட்டோவுக்கு இதெல்லாம் பிடிக்காது. தன் லட்சிய நகரத்துக்குள் ஆலோஸ் செய்பவரையும் ஊதுபவரையும் விடக்கூடாது என்றார். புலம்பல் பண்கள் வேண்டாம், கள்விருந்துப் பண்கள் வேண்டாம். வீரத்துக்கும் நிதானத்துக்கும் உரிய டோரியனும் ஃப்ரிஜியனும் மட்டும் இருக்கட்டும் என்றார். இன்றைய மெட்டலில் அதிகம் புழங்கும் சுர வரிசைகளில் ஒன்றுக்கும் ஃப்ரிஜியன் என்றுதான் பெயர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் பண்களின் பெயர்கள் இடம் மாறிப்போயின. இன்றைக்கு ஃப்ரிஜியன் என்று சொல்வது, பழைய இசை நூல்கள் டோரியன் என்று சொன்ன வரிசைக்குத்தான் ஏறக்குறைய பொருந்தும். நமக்கு அது இன்னும் பக்கம். அந்த ஏழு சுரங்களை அப்படியே கர்நாடக சங்கீதத்தில் வைத்தால் எட்டாவது மேளகர்த்தா ராகம், தோடி. கமகத்தை எடுத்துவிட்டு, வேகத்தை மூன்று மடங்காக்கி, தோடியின் சுரங்களை டிஸ்டார்ஷனில் வாசித்துப் பாருங்கள். என் மாமா ஒருவர் பாட்டுக்காரர். அவரிடம் இதைச் சொன்னதற்கு இரண்டு நாள் பேசவில்லை.

இனி எனக்குப் பிடித்த குழுவுக்கு வருகிறேன். எலுவெய்ட்டி, சுவிட்சர்லாந்து. கிட்டாரோடு ஃபிடிலும், கைப்பிடியைச் சுழற்றி வாசிக்கும் ஹர்டி-கர்டி என்ற தந்திக் கருவியும் சேர்த்து வாசிப்பவர்கள். பெயரே ஒரு தொல்லியல் சமாச்சாரம். இத்தாலியில் மாந்துவா நகரில் கிடைத்த ஒரு மண்பாண்டத்தில் எத்ருஸ்கன் எழுத்தில் ‘எலுவெய்ட்டியே’ என்று கீறியிருக்கிறது. கி.மு. 300 வாக்கில். ஹெல்வெட்டியன், அதாவது இன்றைய சுவிட்சர்லாந்துப் பகுதியில் வாழ்ந்த பழைய கெல்ட்டிய இனத்து ஆள், என்று பொருள். கீழடியில் ‘ஆதன்’ என்று கீறிய ஓட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிலிர்ப்பை நான் விளக்க வேண்டியதில்லை. பானைக்குச் சொந்தக்காரன் தன்னுடையது என்று கீறிவைத்தான். சகாக்கள் எடுத்துக் குடித்துவிடக்கூடாது என்பதைத் தவிர அவனுக்கு வேறு எண்ணம் இருந்திருக்காது. அந்தப் பெயரைச் சொல்லித்தான் இன்று கூட்டம் கத்துகிறது.

இவர்கள் 2012-இல் வெளியிட்ட ‘ஹெல்வெட்டியோஸ்’, ரோமானியத் தளபதி சீசர் ‘கால்’ (Gaul, இன்றைய பிரான்சும் சுற்றுப்புறமும்) நாட்டில் நடத்திய போரைத் தோற்றவர்கள் பக்கமிருந்து சொல்கிறது. லத்தீன் படிக்கத் தொடங்குபவர்கள் கையில் கொடுக்கப்படும் புத்தகங்களில் ஒன்று சீசர் எழுதிய போர்க்குறிப்பு. இலக்கணம் சுத்தமாக இருக்கும். அதைப் படித்துப் படித்து, செத்தவர்களைக் கவனிக்காமலேயே நாம் இலக்கணம் கற்றுவிடுகிறோம். ஹெல்வெட்டியர்கள் புது நிலம் தேடிக் கிளம்பும்போது தங்கள் பன்னிரண்டு ஊர்களையும் நானூறு கிராமங்களையும் தாங்களே எரித்தார்கள் என்கிறார் சீசர். திரும்பி வரும் ஆசை வரக்கூடாதாம். ஆளுக்கு மூன்று மாத மாவு. கி.மு. 58-இல் சீசர் அவர்களை முறியடித்த பிறகு, அவர்கள் முகாமில் சில பலகைகள் அகப்பட்டன. கிரேக்க எழுத்தில், கிளம்பியவர்களின் கணக்கு. ஆயுதம் தாங்குவோர் தனியே. சிறுவர், முதியோர், பெண்கள் தனியே. மொத்தம் 3,68,000 பேர். ஊர் திரும்பியவர்கள் 1,10,000. சீசர் இந்த இரண்டு எண்களையும் ஒரே பத்தியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். கணக்கு மிகை என்று இன்றைய வரலாற்றாசிரியர்கள் சந்தேகிக்கிறார்கள், இருக்கட்டும். கழித்தல் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவை அந்த ஆல்பத்தைக் கேட்டபின் என்னால் அந்தப் பத்தியை வெறும் இலக்கணமாக நடத்த முடியவில்லை.

எல்லா மெட்டலும் இப்படிப் படித்துவிட்டு வருவதில்லை. படித்துவிட்டு வருபவர்களில் அமெரிக்காவின் நைல் குழுவும் ஒன்று, எகிப்தைப் பாடும். அதன் கிட்டார்காரர் கார்ல் சாண்டர்ஸ் எந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று ஆல்பம் கையேட்டிலேயே குறிப்பு எழுதுவார். நல்ல பழக்கம். ஸ்பார்டாவைப் பாடுபவர்களிடம்தான் எனக்குச் சண்டை. கிரேக்கர்கள் பாரசீகப் படையைத் தடுத்து நின்ற தெர்மோபிலே கணவாய் என்றால் ஸ்பார்டாவின் முந்நூறு பேர், அவ்வளவுதான். கடைசி நாளில் கூடவே நின்று செத்த தெஸ்பியா ஊர்க்காரர்கள் எழுநூறு பேர் என்கிறார் ஹெரடோட்டஸ். ஸ்பார்டாக்காரர்களுக்கு இரட்டிப்புக்கும் மேல்! அவர்களுக்குப் பாட்டு இல்லை. ஸ்பார்டாவின் வயலை உழுத ஹெலட் அடிமைகளும் அங்கே செத்தார்கள். அவர்களுக்குப் பேச்சே இல்லை. அந்த முந்நூறைக் கொடியில் பொறித்து, வெள்ளை இனம், தூய ரத்தம் என்று கூவுகிற கும்பலும் இந்த இசையின் ஓர் ஓரத்தில் உண்டு. ரசிகன் என்பதால் நான் அதை மறைக்கப்போவதில்லை.

நேரமாகிவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இன்னும் ஒரே ஒரு சத்தம்.

கி.மு. 225, இத்தாலியில் டெலமோன். ரோமானியர்களுக்கு எதிரே கெல்ட்டுகள். அவர்களிடம் எண்ணிலடங்காத கொம்புகளும் எக்காளங்களும் இருந்தன, படை முழுக்க ஒரே நேரத்தில் கூவியது, மனிதர்கள் மட்டுமில்லாமல் சுற்றியிருந்த நிலமே குரலெடுத்ததுபோல் இருந்தது என்று பாலிபியஸ் எழுதுகிறார். கெல்ட்டுகளின் போர் எக்காளங்களில் ஒன்றுக்கு கார்னிக்ஸ் என்று பெயர். நெடுங்குழாய், உச்சியில் வாயைப் பிளந்த காட்டுப்பன்றித் தலை. 2004-இல் பிரான்சில் தான்தின்யாக் என்ற இடத்தில் ஒரு குழியிலிருந்து ஏழு கார்னிக்ஸ்களின் பாகங்களைத் தோண்டி எடுத்தார்கள்.

இப்போது போடப்போகும் பாட்டு எலுவெய்ட்டியுடையது, 2008. மெட்டு, மூன்று மாலுமிகளைப் பற்றிய ஒரு பிரெட்டன் நாட்டுப்பாட்டிலிருந்து எடுத்தது. பெயர் ‘இனிஸ் மோனா’. மோனா தீவைக் குறிக்கிறது, இன்றைய வேல்ஸின் ஆங்கில்சி. ரோமானியப் படை அந்தத் தீவுக்குப் படகில் போய் இறங்கிய காட்சியை டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். கரையில் கறுப்பு உடுத்திய பெண்கள் தலைவிரி கோலமாகத் தீப்பந்தத்தோடு ஓடுகிறார்கள். ட்ரூயிட் பூசாரிகள் வானத்தை நோக்கிக் கையை உயர்த்திச் சாபமிடுகிறார்கள். சிப்பாய்கள் கைகால் விறைத்து, வெட்டு வாங்கத் தயாரானதுபோல் அப்படியே நிற்கிறார்கள்.

பின்வரிசையில் இருக்கும் ஐயா, காதைப் பொத்திக்கொள்ளலாம். தம்பி, சத்தத்தைக் குறைக்காமல் போடு.