தெற்குப் பக்கம் மூன்றாவது அறை

(செட்டிநாட்டு வீடுகள் பற்றிக் காரைக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

போன மாசியில் எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், வீட்டுக்குள் நுழைய 50 ரூபாய் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த காவலாளி வேலைக்குப் புதுசு. "சீட்டு வாங்கிட்டுப் போங்கம்மா" என்றார். இந்த வீட்டில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் எதைக் காட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தோடு நானும் சேர்ந்துகொண்டேன்.

வழிகாட்டிப் பையன் நன்றாகத்தான் சொன்னான். முகப்பில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்துப் பார்க்கச் சொன்னான். முட்டை வெள்ளைக் கரு சேர்த்து இழைத்த சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலிப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல் எல்லாவற்றையும் காட்டினான். முன்வாசலில் நின்றால் வீட்டின் பகுதிகளான கட்டுகளை ஒவ்வொன்றாகக் கடந்து பின்வாசல் வெளிச்சம் வரைக்கும் பார்வை போகும். அங்கே நிற்கவைத்துப் படம் எடுத்துக் கொடுத்தான். இருபது நிமிஷம். சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை.

வளவுக்கு, அதாவது அறைகள் சூழ்ந்த நடு முற்றத்துக்கு, வந்ததும் அந்தக் குடும்பத்துச் சிறுமி, பத்து வயது இருக்கும், சுற்றிலும் பூட்டிக் கிடந்த கதவுகளைப் பார்த்துக் கேட்டாள்: "இத்தனை ரூம்ல யாரெல்லாம் தூங்குவாங்க?"

"அந்தக் காலத்துல பெரிய குடும்பம் பாப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டுக்குப் போய்விட்டான். எனக்குக் கால் நகரவில்லை. அந்தக் குழந்தைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

அந்த அறைகள் தூங்குவதற்கு மட்டும் கட்டியவை இல்லை. பகலில் யாரும் அறைக்குள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். சாப்பாடு, பேச்சு, ஓலைக் கொட்டான் முடைவது, பிள்ளைகளைத் தூங்கவைப்பது எல்லாம் வளவில்தான். அறை என்பது ஒரு புள்ளிக்கு உரிய இடம். கல்யாணம் ஆன ஆண்மகன் ஒரு புள்ளி. மகனுக்குக் கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாளில் அவனையும் மருமகளையும் 'வேறு வைத்து' விடுவார்கள். உடனே சண்டையா என்று நினைக்காதீர்கள். அது முறை. ஆண்டுச் செலவுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்து, தனி அடுப்பு, தனிக் கணக்கு. ஒரே கூரை, ஒரே வாசல், ஒரே சாமி வீடு. அடுப்பு மட்டும் ஐந்து, ஆறு. இருபது வயதுகூட ஆகாத பெண், மாமியார் கண்ணெதிரிலேயே தன் குடும்பத்தைத் தானே நடத்தப் பழகினாள். கூட்டுக் குடும்பம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறோமே, இந்த வீட்டுக்கு அந்த வார்த்தை போதாது.

எங்கள் அப்பச்சியின், அதாவது அப்பாவின், அறை தெற்குப் பக்கம் மூன்றாவது. அப்பச்சிக்கு நான் ஒரே பிள்ளை. அவர் பிள்ளை கூட்டிக்கொள்ளவில்லை, அதாவது ஆண்பிள்ளையைத் தத்து எடுக்கவில்லை. அதனால் சாவி என்னிடம் வந்தது. சாண் நீளச் சாவி, அடியில் வளையம். அன்றைக்குக் கூட்டம் போனபிறகு காவலாளியிடம் விவரம் சொல்லிவிட்டு அறையைத் திறந்தேன். வெளியறையைத் தாண்டி உள்ளறை, ஜன்னலே கிடையாது. தகரப் பெட்டியில் எங்கள் அப்பத்தாவின் முறைச்சிட்டை இருந்தது. கல்யாணத்தில் பெண்வீடு கொடுத்த சாமான் ஒவ்வொன்றையும் எழுதிவைக்கிற பட்டியல் அது. வெள்ளிக் குத்துவிளக்கும் அதில் இருக்கிறது, வெங்கலப் பானையும் இருக்கிறது, இடியாப்பக் கட்டையும் இருக்கிறது, விளக்குமாறும் இருக்கிறது. கடைசியில் ஊசி நூல். மகள் போகிற வீட்டில் ஊசிக்குக்கூட யாரிடமும் போய் நிற்கக் கூடாது என்று ஒரு தாய் நினைத்திருக்கிறாள். நான் அந்த வரியைப் படித்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பத்தாவுக்குக் கல்யாணம் ஆன அடுத்த ஆண்டே ஐயா 'கொண்டுவிக்க', அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போய்விட்டார். ரங்கூன். ஒரு கணக்கு, அதாவது ஒரு தவணை வேலை, என்றால் மூன்று வருஷம். கப்பல் ஏறினால் கணக்கு முடித்துத்தான் வர முடியும். பிறந்த பிள்ளையை நடக்கிற பிள்ளையாகத்தான் தகப்பன் பார்ப்பான். முகப்பும் பட்டாலையும் ஆண்கள் உட்கார்ந்து பேசக் கட்டியவை என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள். அந்த ஆண்கள் பாதி வருஷங்கள் வீட்டிலேயே இல்லை. வீட்டைக் காத்தது வளவு.

இனி வருவது சொல்லக் கொஞ்சம் கஷ்டமான விஷயம். 'பர்மாத் தேக்கு' என்று பெருமையாகச் சொல்கிறோம். பர்மா என்ற சொல்லை அதோடு நிறுத்திவிடுகிறோம். 1852 போருக்குப் பிறகு கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஐராவதி வடிநிலத்துக் காட்டை அழித்து வயலாக்கினார்கள். அரிசி கப்பல் கப்பலாக ஏற்றுமதியானது. உழுகிறவனுக்கு மாடு வாங்க, விதை வாங்க, ஆள் கூலி கொடுக்கப் பணம் வேண்டும். வெள்ளைக்கார வங்கிகள் அவனுக்குக் கடன் கொடுக்காது. அந்த இடத்தில்தான் நம் செட்டியார்கள் உட்கார்ந்தார்கள். ரங்கூன் மொகல் தெருவில் பெட்டியடி என்ற கடன் கடை போட்டு, நிலத்தை ஈடு வாங்கிக் கடன் கொடுத்தார்கள். 1930-இல் அரிசி விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை. ஈடு வைத்த நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1937-இல் அது 25 பங்கு.

நிலம் வேண்டும் என்று நம்மவர்கள் போகவில்லை, ரொக்கம்தான் கேட்டார்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். அந்த நெருக்கடியில் இவர்களுக்கும் பணம் முடங்கிப்போனது. ஆனால் பரம்பரை வயலை எழுதிக் கொடுத்துவிட்டு வரப்பில் நின்ற பர்மிய விவசாயிக்கு அதனால் என்ன ஆறுதல்? அவன் வீட்டில் தூண் இல்லை. அவன் பேரன் சீட்டு வாங்கிப் பார்க்க ஒரு வீடும் இல்லை. தூணைக் காட்டும்போது அவனையும் ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. இதனால் ஐயாவுக்கு மரியாதை குறையும் என்று நான் நினைக்கவில்லை.

அப்புறம் 1942. ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள், கிடைக்காதவர்கள் காடும் மலையுமாக நடந்தே வந்தார்கள். எங்கள் ஐயா நடந்து வந்தவர். அந்த நடையைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை என்று அப்பச்சி சொல்லுவார். 1948-இல் சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கச் சட்டம் போட்டது. எங்கள் வீட்டு மாடியில் ஒரு பக்கம் இன்றைக்கும் பூச்சு இல்லாமல் செங்கல் தெரிகிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அது சிதைந்துபோனது என்று நினைக்கிறார்கள். சிதையவில்லை. பூசப் பணம் வராமல் நின்ற இடம் அது.

வீடுகள் ஏன் இடிகின்றன என்று கேட்கிறீர்கள். புள்ளி பெருகிப் பெருகி இன்றைக்கு ஒரு வீட்டுக்கு நாற்பது, ஐம்பது கையெழுத்து வேண்டியிருக்கிறது. ஓடு மாற்ற ஒருவர் சரி என்பார், இன்னொருவர் சிங்கப்பூரிலிருந்து போனே எடுக்கமாட்டார். அதற்குள் இரண்டு மழை. கடைசியில் பிரித்து விற்றுவிடலாம் என்று முடிகிறது. இந்த ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்து பாருங்கள். நிலைக்கதவு தனியாக, தூண் தனியாக, யாருடைய கல்யாணத்துக்கோ வந்த இனாமல் தூக்கு தனியாக நிற்கும். அந்தக் கடைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை, விற்றது நாம்தான்.

வேறு வழிகளும் இருக்கின்றன. கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸை இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் செப்பனிட்டு விடுதியாக நடத்துகிறார்கள். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டையே பெயர்த்துக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. எல்லாம் நல்லதே. 50 ரூபாய்ச் சீட்டும் நல்லதே. அந்தப் பணத்தில்தான் எங்கள் வீட்டில் போன ஆண்டு வளவுக் கூரை ஒழுகாமல் இருந்தது. ஆனால் வீட்டைப் பற்றிப் பேசுவதையும் வழிகாட்டிப் பையனிடமே விட்டுவிடாதீர்கள். உங்கள் ஆச்சிமாரில் யாருக்காவது எண்பது தாண்டியிருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். எந்த அறை யாருடையது, எந்த அடுப்பில் யார் சமைத்தார்கள், ரங்கூன் கடிதத்தை யார் படித்துக் காட்டினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பையனை நான் மறுபடி போய்ப் பார்த்தேன். அறையைத் திறந்து முறைச்சிட்டையைக் காட்டினேன். ஊசி நூல் என்ற வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, "இதை நான் சொல்லலாமா ஆச்சி?" என்று கேட்டான். தாராளமாகச் சொல் என்றேன். வருகிற பொங்கலுக்கு வளவில் புள்ளிக்கு ஒரு பானை வைக்கிறோம். எங்கள் அறைக்கு நேரே என் பானை இருக்கும். வாருங்கள். அன்றைக்குச் சீட்டு இல்லை. அறையைத் திறந்தே வைத்திருப்பேன்.